அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி தவறாக வருகிறதா? அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

பி.எச். மானியைக் கொண்டு வலிமை குறைந்த அமிலம் ஒன்று நீரில் எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதைக் காட்டும் பிரிகை மாறிலியைக் கண்டறியும் சோதனை, கல்லூரி ஆய்வகங்களில் ஆண்டுதோறும் நடப்பது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 25 மி.லி. எடுத்து, பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பி.எச். மதிப்பைக் குறித்து வரைபடம் வரைகிறோம். வளைவு செங்குத்தாக எழும் இடம், அமிலம் முழுவதற்கும் ஈடான காரம் சேர்ந்துவிட்ட சமான புள்ளி. அதுவரை செலவான காரத்தில் சரிபாதி சேர்ந்திருந்தபோது அமிலமும் அதன் உப்பும் சம அளவில் இருந்திருக்கும் என்பதால், பி.எச். மதிப்பை உப்பு-அமில விகிதத்தின் மடக்கையோடு இணைக்கும் ஹெண்டர்சன் சமன்பாட்டில் மடக்கை உறுப்பு சுழியாகி, அந்த இடத்துப் பி.எச். மதிப்பே பி.கே.ஏ., அதாவது பிரிகை மாறிலியின் எதிர்க்குறி மடக்கை, ஆகிறது. 25 °செ. வெப்பநிலையில் அசிட்டிக் அமிலத்துக்கு அது 4.76, அதாவது பிரிகை மாறிலி 1.75 × 10⁻⁵.

ஆனால் பதிவேடுகளில் 4.5 முதல் 5.1 வரை எதுவும் வருகிறது. விடை விலகியதும் 'பரிசோதனைப் பிழை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரி எதையும் விளக்குவதில்லை; அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. தவறிய வளைவு எந்த வகையில் தவறியிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கப் பிழையற்ற வளைவின் எண்களை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். காரம் சேர்க்கும் முன் 2.88; 12.5 மி.லி. சேர்ந்தபோது 4.7க்கு அருகில், 24.9 மி.லி.யில் ஏறத்தாழ 7.15, 25.0 மி.லி.யில் 8.7, 25.1 மி.லி.யில் 10.3.

எந்த எண் பிழை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

இந்தச் சோதனை இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று, அமிலம் எவ்வளவு இருக்கிறது என்னும் செறிவு. மற்றொன்று, இருக்கும் அமிலம் எந்த அளவுக்குப் பிரிகிறது என்னும் வலிமை. செறிவும் வலிமையும் வேறு வேறு என்பதை வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவற்றின் பிழைகளும் வேறு வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்பதைச் சோதனை மேசையில் நினைவில் வைத்திருப்பவர் குறைவு.

சமான புள்ளியை 25 மி.லி. என்பதற்குப் பதிலாக 26 மி.லி. என்று தவறாகக் கொண்டதாக வைத்துக்கொள்வோம். செறிவில் 4 விழுக்காடு பிழை நேர்ந்துவிட்டது. ஆனால் பி.கே.ஏ. என்ன ஆகிறது? 12.5 மி.லி.யில் படிக்க வேண்டியதை 13.0 மி.லி.யில் படிக்கிறோம், அங்கே உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 13க்கு 12, அதன் மடக்கை 0.035 மட்டுமே. வளைவின் நடுப்பகுதி, சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் மாறாத தாங்கல் கரைசலாக இருந்து தட்டையாகக் கிடப்பதால், கன அளவில் நேரும் பிழையைப் பெரிதும் விழுங்கிவிடுகிறது. மாறாக, பி.எச். மானி 0.2 அதிகமாகக் காட்டினால் பி.கே.ஏ. முழுதாக 0.2 விலகும், செங்குத்துப் பகுதி மட்டும் அதே 25 மி.லி.யில் நிற்கும், செறிவுக்கு ஒரு குறையும் வராது.

எனவே மாறிலி வெகுவாக விலகியிருந்தால் மின்முனையையும் மானியையும் ஐயுறுங்கள். செறிவு விலகியிருந்தால் பியூரெட்டையும் காரத்தையும் ஐயுறுங்கள். பி.கே.ஏ. 5.0 வந்துவிட்டது என்பதற்காக ஒரு மாணவர் ஆக்சாலிக் அமிலத்தை மறுபடியும் நிறுத்து, அதைக் கொண்டு காரத்தின் செறிவை மூன்று முறை தரம்பார்த்து ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு உழைப்பும் அந்த எண்ணை நூறில் ஒரு பங்குகூட நகர்த்தவில்லை.

அறிகுறி: வளைவு முழுவதும் 7ஐ நோக்கிச் சுருங்கியிருக்கிறது

தொடக்கத்தில் 2.88க்குப் பதிலாக 3.3, பாதியில் 4.9, சமான புள்ளியில் 8.7க்குப் பதிலாக 8.5 அல்லது 8.6. அமிலப் பக்கத்தில் எண்கள் கூடியும் காரப் பக்கத்தில் குறைந்தும் இருக்கின்றன. மின்முனையின் சாய்வு குறைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கண்ணாடி மின்முனை, 25 °செ.யில் பி.எச். ஓர் அலகு மாறும்போது 59.16 மில்லிவோல்ட் தர வேண்டும். பழைய மின்முனை அதில் 90 விழுக்காடு மட்டுமே தருகிறது, மானியை 7.00 தாங்கல் கரைசலில் மட்டும் சரிசெய்துவிட்டுச் சோதனையைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், 7இலிருந்து விலகும் ஒவ்வோர் அலகும் 0.9 ஆகத்தான் தெரியும். உண்மையில் 4.68 இருக்கும் இடத்தில் திரை 4.91 காட்டும். ஒற்றைப் புள்ளியில் சரிசெய்வதை விட்டுவிட்டு, அளக்கப்போகும் எல்லையை இரு பக்கமும் அணைக்கும்படி 4.01, 9.18 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களையும் சேர்த்துச் சரிசெய்வதே இதற்கு மருந்து. மானியை மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றி அவ்விரு கரைசல்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாருங்கள், 25 °செ.யில் அது 306 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 290க்குக் கீழே இறங்கியிருந்தால் மின்முனையைத் தூய்மை செய்து, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் புதியது வாங்குவதுதான் வழி.

மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் மூழ்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடை நீர் வெளியே இழுத்துவிடும் என்பதால், நல்ல மின்முனையும் இதனால் விரைவில் கெடும். குமிழைத் துணியால் அழுத்தித் துடைப்பதும் தவறு. மென்தாளை மெல்ல ஒற்றி எடுத்தால் போதும்.

அறிகுறி: வளைவு முழுவதும் ஒரே அளவு மேலே அல்லது கீழே நகர்ந்திருக்கிறது

இங்கே சாய்வில் குறையில்லை. தொடக்கப் புள்ளி தவறியிருக்கிறது. பெரும்பாலும் தாங்கல் கரைசலே காரணம். இதில் அடிக்கடி கவனம் தப்புவது ஒன்றுண்டு. நடுநிலைத் தாங்கல் கரைசல் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்றின் மதிப்பு 7.00, மற்றொன்றின் மதிப்பு 6.86. மானி 7.00 என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் 6.86 புட்டியைத் திறந்து ஊற்றினால், ஒற்றைப் புள்ளிச் சரிசெய்தலில் எல்லா அளவீடுகளும் 0.14 கூடிவிடும். 4.01ஐயும் சேர்த்துச் சரிசெய்திருந்தால் பிழை 4.7 அருகே 0.04க்கும் கீழே சுருங்கும். ஆனால் மானி சாய்வை 95 விழுக்காடு என்று காட்டும். குற்றமற்ற மின்முனைமீது பழி விழும். புட்டியின் மேலுள்ள எண்ணைப் படித்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

காரப் பக்கத்துத் தாங்கல் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மதிப்பில் இறங்கிக்கொண்டே போகும். திறந்த பீக்கரில் நேற்று மிஞ்சியதை இன்று பயன்படுத்தாதீர்கள். வெப்பநிலையும் கணக்கில் வரும். போராக்ஸ் தாங்கல் கரைசல் 25 °செ.யில் 9.18, 35 °செ.யில் 9.10. நம் ஊர் ஆய்வகங்களில் கோடையில் 33, 34 °செ. சாதாரணம் என்பதால், மானியின் வெப்பநிலைக் குமிழை 25இல் நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது.

அறிகுறி: எண் நிலைகொள்ளாமல் அலைகிறது

மின்முனையின் பக்கவாட்டில் உள்ள நிரப்பு துளையின் மூடி அளக்கும்போது திறந்திருக்க வேண்டியபடி திறந்திருக்கிறதா, உள்ளிருக்கும் கரைசலின் மட்டம் பீக்கரில் உள்ள கரைசலைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் சரியாக இருந்தால், காந்தக் கலக்கி சீரான வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். சமான புள்ளியை நெருங்கும்போது மட்டும் எண் அலைந்தால் அது கோளாறன்று. அங்கே தாங்கும் ஆற்றல் அற்றுப்போவதால் ஒரு சொட்டு காரமும் சிறிதளவு கார்பன் டை ஆக்சைடும் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். அரை நிமிடம் பொறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் 4.76 வராமல் 4.68 வருகிறது

இதைக் கோளாறு என்று எண்ணித்தான் பலர் நல்ல அளவீட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 4.76 வரும்வரை மானியைத் திருகுவோரும் உண்டு. இது பிழையே அன்று. 0.1 மோலார் கரைசல்களைக் கொண்டு செய்த சோதனையில் வர வேண்டிய எண் 4.68தான்.

டென்மார்க் வேதியியலாளர் சோரன்சென் 1909இல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பி.எச். அளவை முன்வைத்தபோது அதை ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் கொண்டே வரையறுத்தார். கண்ணாடி மின்முனையும் அதுபோன்ற மின்கலங்களும் உணர்வது செறிவையன்று, அயனிகள் ஒன்றையொன்று கவர்வதால் குறைந்து நிற்கும் பயனுறு செறிவை, அதாவது செயல்திறனை, என்பது பின்னர் தெளிவாயிற்று. 1924இல் அவரே லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து வரையறையைச் செயல்திறனின் அடிப்படையில் மாற்றி அமைத்தார். பாதி நடுநிலையான நம் கரைசலில் 12.5 மி.லி. காரம் சேர்ந்து மொத்தம் 37.5 மி.லி. இருக்கிறது, அதில் சோடியம் அயனியும் அசிட்டேட் அயனியும் தலா 0.033 மோலார். அந்த அளவு அயனிகள் இருக்கும்போது அசிட்டேட்டின் செயல்திறன் குணகம், அதாவது செயல்திறனுக்கும் செறிவுக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 0.85, அதன் மடக்கை −0.07. ஹெண்டர்சன் சமன்பாட்டில் செறிவுகளின் விகிதம் ஒன்றாக இருந்தாலும் செயல்திறன்களின் விகிதம் ஒன்றைவிடக் குறைந்துவிடுவதால், பி.எச். மதிப்பு 4.76இலிருந்து 0.07 அல்லது 0.08 கீழே நிற்கிறது.

இந்த விளக்கத்தை நம்பி ஏற்கத் தேவையில்லை, சோதித்துப் பார்க்கலாம். அமிலத்தையும் காரத்தையும் பத்து மடங்கு நீர்த்து, 0.01 மோலார் கரைசல்களாக்கி மறுபடி செய்யுங்கள். திருத்தம் 0.03க்குள் சுருங்கி, பாதியில் 4.73 வரும். மானியின் கோளாறாக இருந்தால் நீர்த்தபோதும் அதே அளவு விலகல் நீடித்திருக்கும். பதிவேட்டில் 4.68 என்று எழுதி, அடியில் இந்தத் திருத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மாணவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: செங்குத்துப் பகுதி மழுங்கியிருக்கிறது, இளஞ்சிவப்பு நிறம் மறைந்துபோகிறது

சோடியம் ஹைட்ராக்சைடு கார்பனேட்டாக மாறியிருக்கிறது. வில்லைகளை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே அவை காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்கின்றன. அமிலத்தில் விழும் கார்பனேட், கார்பானிக் அமிலமாகிறது. அதன் முதல் பி.கே.ஏ. 6.35 என்பதால், பி.எச். 6க்கும் 8க்கும் இடையே வளைவு துள்ளி எழ வேண்டிய இடத்தில் அது புதிய தாங்கல் கரைசலாக நின்று தடுக்கிறது. முடிவுநிலையை இளஞ்சிவப்பால் காட்டும் நிறங்காட்டியான பினாப்தலீனின் நிறம் வந்து சில நொடிகளில் மறைவதற்கும் கார்பன் டை ஆக்சைடே காரணம். அரை நிமிடம் நிலைத்து நிற்கும் முதல் வெளிர் இளஞ்சிவப்பையே முடிவுநிலையாகக் கொள்ளுங்கள். முழுவதும் நிலைக்கட்டும் என்று காரத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் அளவு மிஞ்சிவிடும்.

எடைக்கு எடை 50 விழுக்காடு கொண்ட செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கும். தெளிந்த மேற்பகுதியை எடுத்து, கொதிக்க வைத்து மூடி ஆறவைத்த நீரில் நீர்த்துக்கொண்டால் வேண்டிய காரம் கிடைத்துவிடும். அந்தச் செறிந்த கரைசல் தோலையும் கண்ணையும் கொடுமையாக அரிக்கக்கூடியது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். தரம்பார்க்கும்போது ஆக்சாலிக் அமிலத்தையோ பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டையோ பினாப்தலீனுடன் பயன்படுத்தினால், எஞ்சியிருக்கும் சிறிதளவு கார்பனேட்டின் விளைவு இரண்டு தரம்பார்த்தலிலும் ஒரே வகையாக விழுந்து பெரும்பாலும் நீங்கிவிடும். மெத்தில் ஆரஞ்சு என்னும் மற்றொரு நிறங்காட்டியைக் கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்த காரத்தைப் பினாப்தலீனுடன் பயன்படுத்தினால் நீங்காது. முன்னதில் கார்பனேட் முழுதும் கணக்கில் வருகிறது, பின்னதில் பாதிதான் வருகிறது.

அறிகுறி: நிறங்காட்டி 8 மி.லி.க்குள்ளேயே மாறிவிடுகிறது, அதுவும் மெல்ல மெல்ல

மெத்தில் ஆரஞ்சை எடுத்திருக்கிறீர்கள். அது நிறம் மாறும் எல்லை 3.1 முதல் 4.4 வரை. அசிட்டிக் அமிலத்தில் அந்த எல்லை முதல் மி.லி.க்குள் தொடங்கி ஏறத்தாழ 7.5 மி.லி.யில் முடிந்துவிடுகிறது. பினாப்தலீனுக்கு மாறுங்கள்.

அறிகுறி: தொடக்கப் பி.எச். மதிப்பிலிருந்து கணக்கிட்ட மாறிலியும் பாதியிலிருந்து படித்த மாறிலியும் ஒத்துவரவில்லை

பாதியில் கிடைத்ததை நம்புங்கள். தூய அமிலத்தின் பி.எச். மதிப்பை மட்டும் அளந்து மாறிலியைக் கணக்கிடும்போது ஹைட்ரஜன் அயனிச் செறிவு இருபடியாக வருவதால், மானியின் பிழை பி.கே.ஏ.யில் இரட்டிப்பாகிறது. 2.88க்குப் பதில் 2.93 காட்டினாலே மாறிலி 1.75 × 10⁻⁵ என்பதிலிருந்து 1.40 × 10⁻⁵க்கு இறங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கழுவாத பீக்கர். முந்தைய சோதனையில் மிஞ்சிய ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டிக் அமிலத்தின் அளவில் நூறில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் தொடக்கப் பி.எச். 2.72 ஆகி, கணக்கிட்ட மாறிலி 3.7 × 10⁻⁵ என்று இரண்டு மடங்காகிவிடுகிறது. அசிட்டிக் அமிலம் 0.1 மோலாரில் 1.3 விழுக்காடுதான் பிரிகிறது என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது. முழுவதும் பிரியும் ஒரு விழுக்காடு அந்நியர் உள்ளே வந்தால், அமிலம் தானாகத் தரும் அயனிகளுக்கு ஏறத்தாழச் சமமாகிவிடுவார். அதே கலப்படம் பாதி நடுநிலைப் புள்ளியில் பி.கே.ஏ.யை 0.01 அளவுகூட அசைப்பதில்லை.

அறிகுறி: நீர்த்தால் மாறிலியே மாறுகிறது

கருவியில் பிழை இல்லை; நீங்கள் எடுத்த அமிலத்துக்கு இந்த முறை பொருந்தவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இதே வகையில் தரம்பார்த்துப் பாதியில் படித்தால் 1.48 என்று ஓர் எண் வரும். பார்ப்பதற்கு நல்ல பி.கே.ஏ. போலவே இருக்கும். பத்து மடங்கு நீர்த்துச் செய்தால் அது 2.48 ஆகிவிடும். நீரில் முழுவதும் பிரிந்துவிட்ட அமிலத்தில் பிரியாத மூலக்கூறு எஞ்சுவதில்லை. நீங்கள் படித்தது மீதமுள்ள அமிலத்தின் செறிவை மட்டுமே. வேதியியலாளர் ஆஸ்வால்ட் 1888இல் அளித்த நீர்த்தல் விதி இவ்விடத்தில் நல்ல உரைகல். வலிமை குறைந்த அமிலத்தை நீர்த்தால் பிரிகை வீதம் உயரும், மாறிலி நிலைத்து நிற்கும். அசிட்டிக் அமிலம் 0.1 மோலாரில் 1.3 விழுக்காடு, 0.001 மோலாரில் 12.4 விழுக்காடு, மாறிலி இரண்டிலும் ஒன்றே.

இடைப்பட்ட அமிலங்களில் கவனம் தேவை. மோனோகுளோரோஅசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. 2.87. அதன் 0.01 மோலார் கரைசலில் பாதியில் ஏறத்தாழ 3.1 படிக்கும். உப்பின் செறிவைச் சேர்த்த காரத்தின் செறிவுக்குச் சமமாகக் கொள்வது இங்கே செல்லாது. அமிலம் தானாகப் பிரிந்து தரும் பங்கையும், அதாவது அளந்த ஹைட்ரஜன் அயனிச் செறிவையும், அதனுடன் கூட்டி, பிரியாத அமிலத்திலிருந்து அதே அளவைக் கழித்துவிட்டு மாறிலியைக் கணக்கிட வேண்டும்.

வலிமை குறைந்தது என்ற சொல் பாதுகாப்பைக் குறிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹைட்ரோபுளூரிக் அமிலத்தின் பி.கே.ஏ. 3.17, கணக்கில் அது வலிமை குறைந்த அமிலமே. ஆனால் தோலை ஊடுருவி உள்ளே சென்று கால்சியத்தைப் பிணைத்து உயிரையே பறிக்கக்கூடியது. பயிற்சி மாணவர்களின் கைக்கு அது போகவே கூடாது.

அறிகுறி: அம்மோனியாவுக்கு 9 வருகிறது, புத்தகத்தில் 4.75 என்றிருக்கிறது

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது பாதியில் கிடைப்பது அம்மோனியம் அயனியின் பி.கே.ஏ.; 25 °செ.யில் அது 9.25. அதை 14இலிருந்து கழித்தால்தான் அம்மோனியாவின் கார மாறிலிக்குரிய 4.75 கிடைக்கும். அந்த எண் அசிட்டிக் அமிலத்தின் 4.76ஐ ஒட்டி இருப்பது தற்செயலே, ஆனால் பலரைக் குழப்பிவிடுகிறது.

9.25க்குப் பதிலாக 9.0 வந்தால் முதலில் வெப்பநிலைமானியைப் பாருங்கள். அம்மோனியம் அயனி பிரிவதற்கு மோலுக்கு 52 கிலோஜூல் அளவு வெப்பம் தேவைப்படுவதால், ஒவ்வொரு பாகைக்கும் அதன் பி.கே.ஏ. 0.03 இறங்குகிறது, 32 °செ. அறையில் 9.03 வருவதே முறை. அசிட்டிக் அமிலம் பிரியும்போது வெப்ப மாற்றம் ஏறத்தாழ இல்லை என்பதால், அதே அறையில் அது அசையாமல் நிற்கும். கழிக்கும்போது 14 என்ற எண்ணும் 25 °செ.க்கு மட்டுமே உரியது, 30 °செ.யில் 13.83, 35 °செ.யில் 13.68 என்று கொள்ளுங்கள். சமான புள்ளி எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டால், அம்மோனியா கலக்கும்போதே ஆவியாகிப் போயிருக்கிறது. பீக்கரின் வாயை மூடி, கலக்கியின் வேகத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

அறிகுறி: மூன்று ஹைட்ரஜன் உள்ள அமிலத்தில் ஒரே ஒரு பாய்ச்சல் தெரிகிறது

சிட்ரிக் அமிலமாக இருந்தால் அதுவே சரி. அதன் பி.கே.ஏ. மதிப்புகள் 3.13, 4.76, 6.40, ஒரு படி முடியும் முன்பே அடுத்த படி தொடங்கிவிடுவதால் இடையில் பாய்ச்சல் தெரிய வாய்ப்பில்லை. வளைவின் பாதியில் பி.கே.ஏ. படிக்க முயலாதீர்கள், கிடைக்கும் ஒரே பாய்ச்சலைக் கொண்டு மொத்தச் செறிவை மட்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பாஸ்பாரிக் அமிலத்துக்கு 2.15, 7.20, 12.35 என்பதால் முதல் இரண்டு பாய்ச்சல்கள் தெளிவாக வரும். மூன்றாவது படி நீரின் சொந்தப் பிரிகையோடு கலந்து மறைந்துவிடுவதால், பியூரெட்டில் எவ்வளவு காரம் இருந்தாலும் அந்தப் பாய்ச்சல் தெரியாது.